ஏழு நட்சத்திரத் தரை

எங்கள் வீட்டுக் கூடத்தின் தரைதான் பராகுவே நாட்டிலேயே மிகச் சிறந்த மரத்தரை. நான் சொல்லவில்லை, மரத்தரை நல்லமைப்பு வாரியம் சொல்கிறது. ஏழு முறை சொல்லியிருக்கிறது, எழுத்தில், முத்திரை வைத்து. ஏழு சான்றிதழ்களையும் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் காலைத் தூக்கி வைக்க வேண்டும். நடுவில் ஒரு மேடு இருக்கிறது.

நான் ஃபிதெலினா. லுக்கே என்கிற ஊரில் பாட்டில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். தலையில் சும்மாடு, அதன் மேல் ஒரு பாட்டில், அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கி, பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். மூன்று பாட்டில் வரை யார் வேண்டுமானாலும் ஆடிவிடலாம். ஐந்துக்கு மேல் போக வேண்டுமென்றால் கழுத்து மட்டும் போதாது, தரையும் ஒத்துழைக்க வேண்டும். பத்து வருடம் சிமெண்டுத் தரையில் சொல்லிக்கொடுத்து என் முழங்கால் தேய்ந்தது. அதனால் லப்பாச்சோ மரத்தில் ஒரு தரை போட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டது முதல் தப்பு. வாரியத்தின் முத்திரை பெற்ற மேஸ்திரியாகத் தேடிப் பிடித்தது இரண்டாவது தப்பு.

மேஸ்திரி அத்தனாசியோ வந்த வண்டியில் என் சமையலறைக் கதவு அகலத்துக்கு அந்த முத்திரையை வரைந்திருந்தார். பலகைகள் இறங்கிய அன்றே ஆணி அடிக்க உட்கார்ந்துவிட்டார். மரக்கடைக்காரர் என்னிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். பலகை பத்து நாளாவது வீட்டுக்குள் சும்மா கிடந்து வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். ஈரக்காற்றுக்கு மரம் உப்பும், அதனால் சுவரோரம் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். இரண்டையும் நான் பணிவாகத்தான் சொன்னேன்.

"டீச்சர், பாட்டிலை எப்படி அடுக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கேனா?" என்றார் அத்தனாசியோ, வாயில் நாலு ஆணியோடு.

"இல்ல."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சொல்லித் தர்றீங்க? இடைவெளி விட்டா எலி வரும். என் தரையில எலி வந்துச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

அவர் சொன்னது உண்மை. இன்றுவரை எலி வரவில்லை. எலியும் நடக்க வசதியான இடமாகத்தானே பார்க்கும்.

தரை போட்டது ஜூலை மாதம், எங்கள் நாட்டில் குளிர்காலம். தெற்குக் காற்று, குளிர், ஈரமே இல்லை. இரண்டு மாதம் தரை கண்ணாடி மாதிரி கிடந்தது. செப்டம்பரில் முதல் வடக்குக் காற்று வந்தது, வெக்கையும் ஈரமுமாக. வடக்குக் காற்று வந்தால் எங்கள் ஊரில் பால் திரியும், தலை வலிக்கும், நல்ல மனிதன் நாயை எட்டி உதைப்பான். கல்யாணப் பேச்சை யாரும் அன்று எடுக்க மாட்டார்கள். அன்று காலை கூடத்தில் வேட்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தரை நடுவில் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

என் கணவர் கிறிஸ்பின் படுக்கையறைக்குள் இருந்தார். அந்த அறையின் கதவு கூடத்துப் பக்கம் திறக்கும். அதாவது, திறந்துகொண்டிருந்தது.

"ஃபிதே, கதவை ஏன் பூட்டுன?"

"நான் பூட்டல. தரை பூட்டியிருக்கு."

"எனக்கு ஆறு மணிக்கு பஸ் எடுக்கணும்மா. விளையாடாத."

பதினான்கு வருடமாகப் பேருந்து ஓட்டுகிற மனிதர், உள்பனியனோடு ஜன்னல் வழியாகக் கொல்லையில் குதித்து, சீருடையைக் கையில் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வடக்குக் காற்று நாட்களில் அதுதான் அவருக்கு வாசல்.

அது பெரிய விஷயமில்லை. ஜன்னல் ஏறிக் குதித்தால் அவருக்கும் உடம்புக்கு நல்லது. விஷயம் என்னவென்றால், மறு வாரம் ஆட்டத்தின்போது மிர்தா விழுந்தாள். பதிமூன்று வயது, தலையில் ஐந்து பாட்டில். மேடு தட்டிக் கால் புரண்டது, ஐந்தும் சரிந்து உடைந்தன, கண்ணாடி பாதத்தைக் கிழித்தது. நாலு தையல். பிள்ளை அழவில்லை. "டீச்சர், நான் காலைச் சரியாத்தான் வச்சேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொன்னாள். அவள் சரியாகத்தான் வைத்தாள்.

இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்த பள்ளியில் பதினைந்தே நாளில் மூன்று பேர் மிஞ்சினார்கள். எந்தத் தாயையும் நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

அத்தனாசியோவைக் கூப்பிட்டேன். வந்தார். மேட்டின் உச்சியில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"தரை போட்ட இடத்துலயேதான் இருக்கு டீச்சர். உங்க சுவருதான் எறங்கியிருக்கு" என்றார்.

அதன் பிறகுதான் வாரியத்துக்குப் போனேன்.

தலைநகர் அசுன்சியோனில், துறைமுகத்துக்கு மேலே, தூண் வைத்த பழைய கட்டடம். வாசலில் ஒரு கொடிக்கம்பம், அதில் சிவப்புத் துணி பறந்தது. காவலர் கதவருகே தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கிப் புகார் வாங்க மாட்டாங்கம்மா. வடக்குக் காத்து."

"காத்துக்கும் புகாருக்கும் என்ன சம்பந்தம்?"

"வடக்குக் காத்துல வர்ற ஆளு, ஆளாப் பேசுறதில்ல. காத்துதான் பேசுது. காத்து சொல்றதையெல்லாம் எழுதிக்கிட்டு இருந்தா ஆபீசு நடக்குமா?"

"ஐயா, என் தரை மேடாகுறதே வடக்குக் காத்துலதான்."

"அப்ப தெக்குக் காத்து வந்ததும் வாங்க."

"தெக்குக் காத்துல எறங்கிப் போயிடுதே."

அவர் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எறங்கிடுச்சுன்னா அப்புறம் புகார் எதுக்கும்மா?"

எட்டாம் நாள் காற்று திரும்பியது. போனேன். சிவப்புத் துணி இல்லை. உள்ளே கம்பி போட்ட ஜன்னல், அதற்குப் பின்னால் ஆய்வாளர் நார்சிசா. நல்ல அம்மாள், புருவம் மட்டும் கொஞ்சம் மேலேயே நிற்கும். என் பக்கம் நாற்காலி கிடையாது. புகார்ப் படிவத்தில் பதினேழு கேள்விகள். அவரே வாசிப்பார், நான் நின்றபடி பதில் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார்.

"மூணு. தரை போடும்போது பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப தப்பு நடக்குறதைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்திருக்கீங்க. உடந்தைன்னு போட்டுக்கறேன்."

"பாக்கலேன்னு சொன்னா?"

"கவனக்குறைவு. எது வேணும்?"

கவனக்குறைவை எடுத்துக்கொண்டேன்.

"ஒன்பது. இப்போது பேசுவது நீங்களா, காற்றா?"

"தெக்குக் காத்துதானேம்மா அடிக்குது."

"கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"நான்தான்."

"சாட்சி?"

சாட்சி கொண்டுபோகவில்லை. மறுபடி லுக்கே, மறுபடி அசுன்சியோன். கிறிஸ்பினைக் கூட்டிக்கொண்டு போனேன். இருபது வருடமாக இவள் இப்படித்தான் பேசுகிறாள், காற்று எதுவும் காரணமில்லை என்று அவர் கையெழுத்துப் போட்டார். எதற்கு அவ்வளவு சந்தோஷமாகப் போட்டார் என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கதவு திறந்திருந்தும் ஜன்னல் வழியாகப் போய்விட்டார்.

மூன்று வாரத்தில் நார்சிசா நேரில் வந்தார். சொல்ல வேண்டுமா, தெற்குக் காற்று நாள்தான். ஆனாலும் தரை முழுக்க இறங்கவில்லை. முதுகு கொஞ்சம் தெரிந்தது. அவர் பையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கதவுக்குப் பின்னால் துடைப்பம் வைக்கும் மூலையில் வைத்தார். தண்ணீர் சிந்தவில்லை.

"சமதளம்" என்று எழுதினார்.

"அம்மா, மேடு இங்க இருக்கு."

"தெரியுது. கண்ணு இருக்கே எனக்கு."

"அப்ப டம்ளரை இங்க வையுங்க."

"அந்த இடம் புகார்ல இருக்கு. புகார்ல இருக்குற இடத்தையே அளந்தா, புகார் குடுத்தவங்க பக்கம் சாஞ்சுட்டோம்னு ஆகிடும். யாரும் குறை சொல்லாத இடத்துல அளந்தாத்தான் நடுநிலை."

வெளியே போகும்போது மேடு தட்டித் தடுமாறினார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "தரை நல்ல உறுதி" என்றார், அதையும் எழுதிக்கொண்டார்.

முதல் சான்றிதழ் அப்படித்தான் வந்தது. புகார் தள்ளுபடி. தரை முதல்தரம். கூடவே இன்னொரு தகவலும் இருந்தது. புகாரைத் தாங்கி நின்ற தரை, புகாரே வராத தரையைவிட மேலானது என்பதால், மேஸ்திரி அத்தனாசியோவுக்கு ஒரு நட்சத்திரம்.

சரி, கதவையாவது அடியில் இழைத்துத் தூக்கிவிடலாம் என்று தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டேன். இழைப்புளியை வெளியே எடுத்தவர், சுவரில் சான்றிதழைப் பார்த்ததும் திரும்ப உள்ளே வைத்தார்.

"என்னை மாட்டி விடாதீங்க டீச்சர். சான்று வாங்குன தரையையும் தொடக் கூடாது, அதை உரசுற கதவையும் தொடக் கூடாது. ஏத்துக்கிட்ட புகார் ஒண்ணு கையில இருந்தாத்தான் உளி வைக்கலாம். இல்லேன்னா என் உரிமம் போயிரும்."

ஆக, கிறிஸ்பினுக்கு ஜன்னல்தான் என்று ஆகிவிட்டது. நான் இரண்டாவது புகார் எழுதினேன். இரண்டாவது புகார் கொடுக்கிறவரை வாரியத் தலைவரே பார்ப்பாராம், அது ஒரு மரியாதை. தலைவர் டாக்டர் எவரிஸ்தோ. மருத்துவர் இல்லை, வக்கீல். எங்கள் ஊரில் அவர்களும் டாக்டர்தான். அவர் அறையில் தரைக்குக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

"உக்காருங்க டீச்சர். கோவமா இருக்கீங்க. புரியுது. இந்த நாற்காலியில உக்காந்த எல்லாரும் கோவமாத்தான் உக்காந்தாங்க" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு இந்த வாரியம் ஆரம்பிச்சு. இதுவரைக்கும் எத்தனை புகார் ஏத்துக்கிட்டிருக்கோம்?"

"தெரியல டாக்டர்."

"ஒண்ணுகூட இல்ல." அவர் குரல் தழுதழுத்தது. "பக்கத்து நாட்டுல போய்க் கேளுங்க, ஆயிரக்கணக்குல ஏத்துக்கிட்டிருப்பான். அங்க தரை அவ்வளவு மோசம். நம்ம நாட்டுல ஒரு தரைகூட மோசமில்ல. இந்தப் பெருமையை ஒரு மேட்டுக்காக விட்டுடச் சொல்றீங்களா?"

"ஒரு பிள்ளை கால்ல தையல் போட்டிருக்கு."

"பிள்ளைங்க விழும் டீச்சர். விழுந்துதான் வளரும். நம்ம விதி எழுதினவங்க மகா கருணை உள்ளவங்க. ஒரு மேஸ்திரி மேல ஒரே ஒரு புகாரை ஏத்துக்கிட்டாப் போதும், அவர் மேல தள்ளுபடி பண்ணின அத்தனையும் உயிரோட எழுந்து வந்துடும். அவர் போட்ட எல்லாத் தரையையும் வாரியமே பேத்தெடுத்துப் புதுசாப் போட்டுக் குடுக்கணும். அவ்வளவு நல்ல விதி அது. அதை நாங்க பயன்படுத்தாம பத்திரமா வச்சிருக்கோம்."

அவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். கொல்லைப் பக்கம் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்க புது மாநாட்டுக் கூடம். அடுத்த வருஷம் அமைச்சர் வந்து திறக்குறார். தரை முழுக்க லப்பாச்சோ. யாரு போடுவாங்கன்னு நெனைக்கறீங்க? எங்களுக்கு வேண்டியவங்களா? இல்ல. நாட்டுலயே அதிக நட்சத்திரம் வாங்கின மேஸ்திரி. இப்ப என்கார்னசியோன் ஊர்ல ஒருத்தர் நாலு வச்சிருக்கார். உங்க அத்தனாசியோவுக்கு ஒண்ணுதான். உங்களோட இந்தப் புகாரையும் தள்ளிட்டா ரெண்டு ஆகும்."

திரும்பும்போது கிறிஸ்பின் ஓட்டிய பேருந்திலேயே, அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். சான் லொரென்சோ திருப்பம் வரை விரல்விட்டு நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

அவர் கண்ணாடியில் பார்த்தார். "எதுக்கு சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"ஏம்மா, நீ அழுதா எனக்குச் சமாளிக்கத் தெரியும். சிரிச்சா பயமா இருக்கு. யாரு குடும்பம் இப்பக் கெடப் போகுது?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு கிறிஸ்பின்."

மூன்றாவது புகாரில், தரை அளவுக்கு மீறி வழவழப்பாக இருக்கிறது என்று எழுதினேன். தள்ளுபடி, மூன்றாவது நட்சத்திரம். நாலாவதில், மரத்தில் மர வாசனை வருகிறது என்று எழுதினேன். அதற்கும் நார்சிசா டம்ளரோடு வந்து, மூலையில் தண்ணீர் வைத்து, முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாவதில் என்ன எழுதினேன் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் உறையைப் பிரிக்காமலே தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆறாவதுக்குத் தள்ளுபடி உத்தரவை முதலிலேயே தபாலில் அனுப்பி, கூட ஒரு வெற்றுப் படிவமும் வைத்திருந்தார்கள். டீச்சருக்கு வீண் அலைச்சல் வேண்டாம், நேரம் கிடைக்கும்போது நிரப்பி அனுப்பவும் என்று நார்சிசா தன் கையால் எழுதியிருந்தார். ஏழாவது தள்ளுபடிக்கு டாக்டர் எவரிஸ்தோவே எங்கள் வீட்டுக்கு வந்து, சான்றிதழை என் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். படத்துக்காக மேட்டின் மேல் ஏறி நின்றார், உயரமாகத் தெரிவதற்கு.

அத்தனாசியோ ஒரு கூடை சூடான சிப்பா ரொட்டியோடு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், என்னைப் பெத்தவகூட எனக்காக இவ்வளவு நடந்ததில்ல."

"உங்க திறமைக்கு ஏழு பத்தாது மேஸ்திரி."

"வாரியக் கூடத்தை எனக்கே குடுத்துட்டாங்க. உங்க வீட்டுல போட்ட மாதிரியே போட்டுடறேன்."

"அதே மாதிரி. ஒரு விரல்கூட மாத்தாதீங்க" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மனமார நான் யாரையும் வாழ்த்தியதில்லை.

அந்த வருடம் முழுக்க என்னிடம் மிஞ்சிய மூன்று பிள்ளைகளும் மேட்டில்தான் ஆடினார்கள். தையல் பிரித்ததும் மிர்தா நாலாவதாக வந்து சேர்ந்தாள். அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை, ஆனால் மகளைத் தடுக்கவும் முடியவில்லை. எந்தப் பலகை எந்தக் காற்றில் எவ்வளவு தூக்கும் என்று அந்தப் பிள்ளைகளின் பாதத்துக்குத் தெரிந்துவிட்டது. மிர்தா ஏழு பாட்டிலுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு முறை மேட்டைத் தாண்டும்போதும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.

ஜூலையில் வாரியக் கூடத்துக்குத் தரை போட்டார்கள், அதே தெற்குக் காற்றில். ஆட்டத்துக்கு இடம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். ஏழு சான்று பெற்ற வீட்டின் டீச்சர் என்பதால் திறப்பு விழாவில் ஆட்டம் எங்களுடையது. பெரிய கூடம். ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. ஒரே ஒரு வாசல், உள்பக்கமாகத் திறக்கும் கனமான இரட்டைக் கதவு. பாவாடை மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து சுவரோரம் நகத்தை நுழைத்துப் பார்த்தேன். நகம் நுழையவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"எப்ப வச்சுக்கலாம் டீச்சர்? அமைச்சர் நம்ம சௌகரியம் கேக்குறார்" என்றார் நார்சிசா.

"செப்டம்பர் இருபத்தொண்ணு. இளைஞர் தினம், பிள்ளைங்களுக்கு லீவு" என்றேன். லீவு என்பது உண்மைதான்.

செப்டம்பர் இருபத்தொன்று. மூன்று நாளாக வடக்குக் காற்று. காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டியது. வாசல் கம்பத்தில் வழக்கம்போல் சிவப்புத் துணி. காவலர் என்னைப் பார்த்து, "இன்னிக்கி விழா மட்டும்தான், புகார் கிடையாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

உள்ளே நூறு பேர். முன்வரிசையில் அமைச்சர், அவர் பக்கத்தில் பதக்கம் வாங்கப் போகும் அத்தனாசியோ, கழுத்துப்பட்டை கட்டி. பிள்ளைகள் நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். மிர்தா ஏழு பாட்டிலோடு நடுவில் வந்தாள். வந்தவள் ஒரு கணம் நின்று, பெருவிரலால் தரையை அழுத்திப் பார்த்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் செருப்பைக் கழற்றிக் காலை வைத்துப் பார்த்தேன். பலகைக்கு அடியில் அந்த மெல்லிய நெரியும் சத்தம். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் கிறிஸ்பின் சீருடையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். இன்னும் கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டேன்.

ஆடி முடியும் வரை ஒரு பாட்டில்கூட விழவில்லை. அமைச்சர் எழுந்து நின்று கை தட்டினார். கடைசி வரிசையில் மிர்தாவின் அம்மாவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எவரிஸ்தோ மேடையேறினார். "இருபத்துமூணு வருஷம், ஒரு புகாரும் ஏற்கப்படாத வாரியம்" என்று தொடங்கினார். பிள்ளைகளுக்குத் தாகமாக இருக்கும், தண்ணீர் வேண்டும் என்று நார்சிசாவின் காதில் சொல்லிவிட்டு அவர்களை வெளியே கூட்டி வந்தேன். மிர்தாவின் அம்மாவுக்கும் கண் காட்டினேன், அவளும் வந்தாள். காற்று உள்ளே வரக் கூடாது, அமைச்சருக்கு உடம்புக்கு ஆகாது. அதனால் இரண்டு கதவையும் பக்குவமாக இழுத்துச் சாத்தினேன். ஆமாம், நான்தான் சாத்தினேன்.

வேட்டு வெடித்த மாதிரி சத்தம் கேட்டபோது நாங்கள் முற்றத்தில் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தோம். பிறகு நாற்காலிகள் சாயும் சத்தம். பிறகு யாரோ கதவை இழுத்தார்கள். பிறகு நிறையப் பேர் இழுத்தார்கள்.

நார்சிசாவின் கம்பி ஜன்னல் இருந்த நடைக்குத்தான் புதுக்கூடத்தின் ஜன்னலும் திறந்தது. நார்சிசா உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததால் அவர் நாற்காலி காலியாக இருந்தது. அதை இழுத்துவந்து ஜன்னலடியில் போட்டு உட்கார்ந்தேன். மடியில் தெரெரே குடிக்கிற மாட்டுக் கொம்புக் குவளை. கம்பிக்கு அந்தப் பக்கம் டாக்டர் எவரிஸ்தோவின் முகம் வந்தது, வியர்த்து, சிவந்து.

"டீச்சர், கதவு திறக்க மாட்டேங்குது."

"கதவுல ஒண்ணும் கோளாறு இருக்காது டாக்டர். சான்று வாங்குன தரை."

"தரை நடுவுல தூக்கிக்கிச்சு. அமைச்சரோட நாற்காலி சாஞ்சுடுச்சு."

உள்ளேயிருந்து அத்தனாசியோவின் குரல் கேட்டது. "தரை போட்ட இடத்துலயேதான் இருக்கு டாக்டர். கட்டடம்தான் எறங்கியிருக்கு." அமைச்சர் அவரிடம் ஏதோ சொன்னார். அதை நான் இங்கே எழுத முடியாது.

"தீயணைப்பு ஆளுங்க வந்துட்டாங்க. கோடாலியோட நிக்குறாங்க. வெட்டச் சொல்லுங்க டீச்சர்" என்றார் தலைவர்.

"சொன்னேன் டாக்டர். காவலர் விட மாட்டேங்குறார். சான்று வாங்குன தரையை உரசுற கதவை, ஏத்துக்கிட்ட புகார் இல்லாம உடைக்கக் கூடாதாமே. உங்க விதி. நல்ல விதி."

"அப்ப ஒரு புகார் எழுதிக்குங்க. நான் குடுக்கறேன், நானே ஏத்துக்கறேன். அமைச்சர் உத்தரவு."

"இன்னிக்கி வடக்குக் காத்து. புகார் வாங்குறதில்லையே."

அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "டீச்சர். தயவு பண்ணுங்க."

அந்த வார்த்தையை அவர் அதற்கு முன் எங்கேயும் சொல்லிப் பழகவில்லை என்று நினைக்கிறேன். வாயில் சரியாக உட்காரவில்லை. நான் பையைத் திறந்தேன். ஆறாவது தள்ளுபடியோடு நார்சிசா அனுப்பிய வெற்றுப் படிவத்தை நான் நிரப்பவே இல்லை. ஏழாவது புகாருக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன், இதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

"அமைச்சர் ஐயா உத்தரவுக்காக எழுதறேன். ஆனா அத்தனாசியோ மேல ஒரு புகாரை ஏத்துக்கிட்டா, தள்ளின ஏழும் எழுந்து வந்துடும். அவர் போட்ட எல்லாத் தரையையும் நீங்களே பேத்துப் புதுசாப் போடணும். சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விட்டு. சம்மதமா?"

"சம்மதம்." அமைச்சரின் குரல்தான் அது.

"முதல்ல லுக்கேயில, என் கூடத்துல."

"சம்மதம் டீச்சர், சம்மதம்."

எழுதத் தொடங்கினேன். பெயர். முகவரி. "மூணு. தரை போடும்போது பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உடந்தைன்னு போட்டுக்கறேன்."

நாலு, ஐந்து, ஆறு. என் கையெழுத்து நிதானமானது, அவசரப்படுத்தினால் கோணிவிடும். மிர்தா வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். பாதத்தில் அந்த வெள்ளைத் தழும்பு. ஏழு, எட்டு.

"ஒன்பது. இப்போது பேசுவது நீங்களா டாக்டர், காற்றா?"

உள்ளே ஏதோ இன்னொரு பலகை எழும்பியது. அவர் மிர்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் மெதுவாக.

"சாட்சி?"

இன்னும் எட்டுக் கேள்விகள் பாக்கி இருந்தன. கொம்பில் பனிக்கட்டி போட்டு, தண்ணீர் ஊற்றி, முதல் மிடறை மிர்தாவுக்குக் கொடுத்தேன்.